ஏதென்ஸ் ஆந்தை நாணயம்: அசலா, வார்ப்பா?

கப்பலில் வேலை பார்த்த அப்பா 1974இல் ஏதென்ஸ் அருகே பிரேயஸ் துறைமுகத்தில் வாங்கி வந்த வெள்ளிக்காசு இது. ரசீது இல்லை, கேட்க அப்பாவும் இல்லை.

முன்பக்கம் தலைக்கவசத்தோடு கிரேக்கத் தெய்வம் அதீனா. பின்பக்கம் ஆந்தை, ஒலிவக் கிளை, சிறு பிறை, ஆல்பா-தீட்டா-எப்சிலான் எழுத்துகள். எடை 16.94 கிராம், குறுக்களவு 23 மி.மீ. நான்கு டிராக்மா (பழைய கிரேக்கப் பண அலகு) மதிப்புள்ள இந்த வகைக் காசு 17.2 கிராம் அளவில் இருக்க வேண்டும். தேய்மானம் என்றால் சரிதான். விளிம்பில் ஆழமான ஒரு வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் வெட்டிப் பார்ப்பார்களாம். இதில் உள்ளேயும் வெள்ளிதான் தெரிகிறது.

காந்தம் ஒட்டவில்லை. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்ததில் அடர்த்தி 10.3 வந்தது, வெள்ளிக்கு நெருக்கம்தான். லென்ஸில் வார்ப்புத் தையல் (அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு) தெரியவில்லை, ஆனால் ஆந்தையின் மார்பில் நாலைந்து நுண்துளைகள். வார்த்த காசில் இப்படித் துளைகள் விழும் என்பதால் அதுதான் உறுத்துகிறது. நகைக்கடையில் பழைய வெள்ளி விலை சொன்னார்கள், பாலிஷ் போடவும் கேட்டார்கள். தொடவிடவில்லை.

அதீனாவின் கண் பாதாம் வடிவில் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டு என்று நினைக்கிறேன்.

படங்கள் கீழே. இந்தத் துளைகளைப் பார்த்தால் வார்த்த போலியா, அச்சடித்த அசலா. அசல் என்றால் இந்த வெட்டோடு என்ன விலை மதிப்பீர்கள்?