21 நாளில் பழக்கம் வந்துவிடுமா? உளவியல் ஆராய்ச்சியை நம்பி அன்றாடத்தை மாற்றலாமா?

வைகைக்கரை:
எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் '21 நாள் நடைப்பயிற்சி சவால்' நடந்தது. இடையில் மழை. ஒரு நாள் போக முடியாதவர்கள், "சரி, கணக்கு போச்சு" என்று மொத்தமாகவே விட்டுவிட்டார்கள். எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த 21 எந்த ஆய்விலிருந்தும் வந்ததில்லை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். கைமாறிக் கைமாறி 'குறைந்தது' உதிர்ந்துபோய் 21 மட்டும் நின்றுவிட்டது.

நிஜமாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர். ஆய்வு 2010இல் வெளியானது. 96 பேர் ஆளுக்கு ஒரு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம், இப்படி. யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குக் குறைவு, பாதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் எங்கள் குழுவில் பலர் மறுநாள் செருப்பை மாட்டியிருப்பார்கள்.

புதுப் பழக்கத்தைத் தினமும் செய்யும் வேலை ஒன்றோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம் என்று, அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையைக் காபித்தூள் டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். டப்பாவை எடுத்தால் மாத்திரையும் கையோடு வரும். இப்போது நான் ஞாபகப்படுத்துவதே இல்லை. இந்த ஆராய்ச்சிகளை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கக் கூடாது என்பது என் கட்சி.

மருந்துக்கடை:
சார், பிரஷர் மாத்திரைக்குப் பெரும்பாலும் சரி. இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையைக் காபி டப்பாவோடு கட்டிவிட வேண்டாம். அது வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டியது. காபி குடிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிய வேண்டும். அதற்குப் பல் தேய்ப்பதோடு முடிச்சுப் போடுங்கள்.

இரவுப்பணி:
வைகைக்கரை அண்ணா, நான் மறுக்கிறேன். 21 போய் 66 வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கே '66 நாள் சவால்' என்று ஒரு ஃபார்வர்டு வரும். அந்த ஆய்வு நடந்ததே 84 நாள்தான். 254 என்பது அந்த 84 நாள் தகவலின் வரைகோட்டை முன்னால் நீட்டிப் போட்ட கணக்கு. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள்.

நான் நர்ஸ். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. 'காலை காபிக்குப் பிறகு' என்பது எனக்குச் சில நாள் காலை ஏழு மணி, சில நாள் மாலை நான்கு மணி. நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எழுபவர்களுக்காகச் செய்த ஆராய்ச்சியை என் தலையில் கட்டினால், முடியாதபோது "உனக்கு மன உறுதி இல்லை" என்ற பேச்சுதான் மிஞ்சும்.

கணக்குவாத்தியார்:
மன உறுதி என்றதும் சொல்லிவிடுகிறேன். அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் என்று 1998இல் ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு ஒரு சோதனையைக் காட்டியது. பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி தின்றவர்கள் அடுத்து வந்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். இதைவைத்து எத்தனையோ அறிவுரைப் புத்தகங்கள் வந்தன. 2016இல் 23 ஆய்வகங்கள், 2000க்கும் மேற்பட்டவர்களிடம், அதே கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அதற்கு முந்தைய ஆண்டு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 சதவீதத்தில்தான் குறிப்பிடத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது. பத்திரிகையில் வந்ததையெல்லாம் அடுத்த வாரமே வீட்டில் செய்து பார்ப்பது சரியா, சார்?

வைகைக்கரை:
வாத்தியாரே, அந்தத் தவறுகளைக் கண்டுபிடித்ததும் ஆராய்ச்சியாளர்கள்தானே? எல்லாம் ஒரே தரம் கிடையாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன 'இது நடந்தால் இதைச் செய்வேன்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், நடுத்தரத்துக்கு மேலான பலன் தெரிந்தது. ஒற்றைச் சோதனையை நம்பச் சொல்லவில்லை. தவிர, ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்துப் பலிக்கவில்லை என்றால் எனக்கு என்ன நஷ்டம்?

கணக்குவாத்தியார்:
நஷ்டம் குறைவான இடத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உடற்பயிற்சி என்றால் 2021இல் வந்த பெரிய ஆய்வைப் பாருங்கள். மனித நடத்தையை ஆராயும் கேட்டி மில்க்மன் குழு அமெரிக்காவில் ஒரு ஜிம் சங்கிலியின் 61,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் 54 விதமான திட்டங்களை நான்கு வாரம் ஓட்டியது. அதில் 45 சதவீதத் திட்டங்கள் வருகையைக் கூட்டின, 9 முதல் 27 சதவீதம் வரை. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்தவை வெறும் 8 சதவீதம். ஆரம்பிக்க வைப்பது சுலபம், நிலைக்க வைப்பது வேறு வேலை.

வைகைக்கரை:
அதே ஆய்வில் முதலிடம் எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லையே! ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் சிறு ஊக்கத்தொகை. தவறிய நாளுக்கு அடுத்த நாளைப் பிடிப்பதுதான் வேலை செய்திருக்கிறது. அதைத்தான் எங்கள் குழுவில் செய்யத் தவறினார்கள். வராதவருக்கு மறுநாள் காலை ஒரு போன் போட்டு, "கீழே நிற்கிறோம், வாங்க" என்று யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

மேலத்தெரு:
நம் பெரியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்தது இதற்குத்தானே? வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு?

இரவுப்பணி:
மேலத்தெரு ஐயா, மண்டலத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது முடிவு தேதியோடு வருவது. சித்த மருந்து 48 நாள், சபரிமலைக்கு 41 நாள் விரதம் என்று இருந்துவிட்டு மாலையைக் கழற்றியதும் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். அந்த நாட்களில் கட்டுப்பாடு நிற்பதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. குருசாமி கேட்பார், வீட்டில் தனிச் சமையல் நடக்கும், "சாமி" என்று கூப்பிட்டே தெரு நினைவூட்டும். சுற்றம் சேர்ந்து தாங்குகிறது.

என் வாதமும் அங்கேதான் வருகிறது. நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் மனித நடத்தையை ஆராயும் இந்தத் துறைக்காரர்கள்தான். தனிமனிதரைத் திருத்தும் சின்ன உத்திகளிலேயே கவனம் போனதால், அமைப்பை மாற்றும் பேச்சு பின்னால் தள்ளப்பட்டது என்று 2022இல் எழுதினார்கள். நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் தூக்கமின்மை பற்றி எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். படுக்கும் முன் போனைத் தள்ளி வையுங்கள், மூச்சை எண்ணுங்கள் என்றார்கள். ஷிப்ட் அட்டவணையை மட்டும் யாரும் தொடவில்லை.

கணக்குவாத்தியார்:
மேடம் சொல்வதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
அட்டவணையை மாற்றக் கேளுங்கள், நானும் கூட நிற்பேன். ஆனால் அது மாறும் வரை என்ன செய்வது? கடிகாரத்தை விட்டுவிடுங்கள். முடிச்சு ஒரு நிகழ்வோடு இருந்தால் போதும். பகலோ இரவோ, டியூட்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு உடை மாற்றத்தானே வேண்டும்? அதோடு எதையாவது கட்டிப் பாருங்கள்.

இரவுப்பணி:
முதுகுவலிக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஐந்து நிமிட நீட்டல் பயிற்சி ஒன்று பாக்கி இருக்கிறது. உடை மாற்றும் அறையில் முயற்சி செய்கிறேன். அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான், வரிசையில் ஆறு பேர் நிற்போம். அதையும் எந்த ஆய்வாவது கணக்கில் எடுத்திருக்கிறதா என்று வாத்தியார் சொல்லட்டும்.