மாதத்தில் 18 நாள் வெளியூர்: லாட்ஜ் அறையில் தூங்கப் பழகுவது எப்படி?

புது சர்வீஸ் ஆள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. கோவையில், நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் செய்யும் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மாதத்தில் 18 நாளாவது வெளியூர். போன மாதம் வேடசந்தூர், திண்டுக்கல், ராஜபாளையம், அப்புறம் ஒரு வாரம் குண்டூர்.

வேலை பிடித்திருக்கிறது. ஆனால் லாட்ஜில் தூக்கமே வருவதில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்துக் கிடந்துவிட்டு, ஆறரைக்கு மில்லுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்துவிட்டது. அம்மா வேலையை விடச் சொல்கிறார். எனக்கு விட மனசில்லை.

அறைக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், பேட்டா (தினப்படி) 450 ரூபாய். இதற்குள் எப்படிச் சமாளிப்பது? பல வருடம் இப்படிச் சுற்றியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரிங் ஃபிரேம்காரர்:

தம்பி, நான் 2003-லிருந்து இதே வேலையில் இருக்கிறேன். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இரண்டும் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன ஊர் எல்லாவற்றிலும் தங்கியிருக்கிறேன்.

சாப்பாடு, பணம், பை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள். கார்டிங் மெஷினை ஆஃப் செய்தாலும் சிலிண்டர் உடனே நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். தூங்காதவன் கை அது நிற்கும்வரை காத்திருக்காது. என்னோடு வேலை பார்த்த ஒரு ஃபிட்டர் அப்படித்தான் ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தார். முந்தின இரவு அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறையில் தங்கியிருந்தார். நாலு மணிக்கே ஏர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து அறை எடுப்பதை நான் வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

சாவி கொடுத்ததும் பையை ரிசப்ஷனிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மேலே போங்கள். பை உள்ளே போய்விட்டால் ‘சரி, ஒரு ராத்திரிதானே’ என்று மனசு ஒப்புக்கொண்டுவிடும். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் விட்டு ஒரு நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். கடகட என்று ஆடுகிற ஃபேன் ராத்திரி முழுக்க ஆடும். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, கீழே ஜெனரேட்டர் இருக்கிறதா, அடுத்த சுவர் லிஃப்டா என்று பாருங்கள்.

அப்புறம் மெத்தை. தலைமாட்டுப் பக்கம் பெட்ஷீட்டை ஒரு மூலையில் உருவி, மெத்தையின் ஓரத்தில் தையல் ஓடுகிற இடத்தை விரலால் விரித்துப் பாருங்கள். மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால்தான் நன்றாகத் தெரியும். மிளகுத்தூள் சிந்தினது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். தலைப்பலகைக்குப் பின்னாலும் ஒரு முறை டார்ச் அடியுங்கள். இருந்தால் அடுத்த அறையும் வேண்டாம், வேறு லாட்ஜுக்கே போய்விடுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2011-ல் ஒரு லாட்ஜிலிருந்து என் பையின் உள்துணி மடிப்பில் மூட்டைப்பூச்சி வீடு வந்து சேர்ந்தது. அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். கை, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. கொசுக்கடி என்றே பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒழிக்க இரண்டு மாதம் ஆனது, கட்டிலையே தூக்கிப் போட வேண்டி வந்தது. குழந்தை அழுத அந்த ராத்திரிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதனால் என் பையை லாட்ஜில் மெத்தை மேலும் தரையிலும் வைப்பதில்லை, மேசை மேல்தான் வைப்பேன். ஊர் திரும்பினால் பை நேராக மொட்டை மாடி வெயிலுக்குப் போகும், துணி சுடுநீருக்குப் போகும். அதற்குப் பிறகுதான் நான் வீட்டுக்குள் உட்காருவேன்.

மாடி விஷயம். சித்திரை, வைகாசியில் மேல் மாடி அறை வாங்காதீர்கள். மொட்டை மாடித் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை நள்ளிரவு தாண்டியும் கக்கிக்கொண்டிருக்கும், ஏ.சி. திணறும். நடு மாடியில், பின்பக்கம் பார்த்த அறையைக் கேளுங்கள். பத்துக்கு ஏழு தடவை தருவார்கள்.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் தினசரி காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளில் மண்டபத்தோடு சேர்ந்த லாட்ஜில் மாட்டினால் நாலரை மணிக்கு நாதஸ்வரம், நடைபாதை முழுக்கப் பிள்ளைகள் ஓட்டம். தைப்பூச சமயத்தில் பழனியைச் சுற்றியும், சித்திரைத் திருவிழாவில் மதுரையிலும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையிலும், சீசனில் குற்றாலம், தென்காசியிலும் 1,200 ரூபாய்க்கு அறை கிடைப்பது கஷ்டம். மில்காரர்களிடம் இரண்டு நாள் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இன்னொன்று, போனில் விசாரிக்கும்போது முதலில் ‘24 மணி நேரக் கணக்கா, 12 மணி செக்-அவுட்டா?’ என்று கேளுங்கள். இரவு வண்டியில் போய்க் காலை 5 மணிக்கு இறங்குகிறவர், 12 மணி செக்-அவுட் உள்ள இடத்தில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு உண்டு.

நல்ல அறை ஒன்று கிடைத்துவிட்டால் விடாதீர்கள். ஆப்பில் தேடி ஒரு தடவை போங்கள், பிடித்திருந்தால் மேனேஜர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த தடவை நேராகப் பேசுங்கள். திண்டுக்கல்லில் ஒன்பது வருடமாக ஒரே லாட்ஜ், முடிந்தவரை ஒரே அறை. சுவிட்ச் எங்கே, குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் சுடுநீர் என்று கைக்கே தெரியும். பழகின அறையில் உடம்பு தானாகவே அடங்கிவிடுகிறது.

பையில் நான் எப்போதும் வைத்திருப்பவை: பழைய பருத்தி வேட்டி ஒன்று, வீட்டுப் போர்வை ஒன்று, இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நைலான் கயிறு, கொசு மெஷின், சின்னப் பூட்டு. வேட்டியை இரண்டாக மடித்துத் தலையணை மேல் விரித்துக்கொள்வேன். வீட்டில் துவைத்த துணியின் வாசனை முகத்துக்கு நேராக இருந்தால் தூக்கம் வருகிறது. செய்து பாருங்கள், செலவே இல்லை. மில்லுக்குப் போட்டுப்போன உடுப்பைத் தனி கவரில் கட்டி வையுங்கள். அதில் ஒட்டின பஞ்சுத் தூசி ஏ.சி. அறையில் பறந்தால் ராத்திரி முழுக்க இருமல்தான். விமானத்தில் போனால் டூல்ஸ் செக்-இன் பையில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டு முடித்துவிடுவேன். பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராததற்கு அறையைக் குறை சொல்ல முடியாது. குண்டூரில் முதல் இரண்டு நாள் பப்பும் (பருப்பு) பெருகும் (தயிர்) மட்டும் கேளுங்கள். கோங்குராவும் (புளிச்சக்கீரை) ஊறுகாய்க் காரமும் மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. பேட்டாவை மிச்சம் பிடிக்க வயிற்றைக் காயப் போடாதீர்கள். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், வாழைப்பழம் எந்த ஊரிலும் கிடைக்கும். 4 கிலோ குறைந்தது அதன் பிறகும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கிளை ஆய்வு அக்கா:

அண்ணா சொன்னதை எல்லாம் நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் வங்கிக் கிளைகளை ஆய்வு செய்யும் வேலையில் பத்து வருடமாக ஊர் ஊராகப் போகிறேன். இதைப் படிக்கும் பெண்களுக்காகவும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒரு ஊரில் ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு இரவு ஒன்பதரைக்குப் போய் நின்றேன். ‘தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லைங்க’ என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். அடையாள அட்டையையும் அலுவலகக் கடிதத்தையும் காட்டியும் அசையவில்லை. மழையில் பையோடு வெளியே நின்று கிளை மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் மனைவியே வண்டியோடு வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து எங்கே பதிவு செய்தாலும் முதல் நாளே போன் செய்து ‘நான் ஒரு பெண், தனியாக வருகிறேன், இரவு இத்தனை மணிக்கு வருவேன்’ என்று சொல்லி, பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்கிறேன்.

ரிசப்ஷனில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள், எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரைத்தளம் வேண்டாம், நடைபாதைக் கோடி அறையும் வேண்டாம். உதவி எண்கள் 112, 181 இரண்டும் என் போனில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கடைசி நாலு எண் மட்டும்தான் தெரியும். ஜெராக்ஸ் மேல் லாட்ஜ் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுப்பது என் பழக்கம்.

பில் விஷயம் என் தொழில், அதனால் சொல்கிறேன். உங்கள் 1,200 ரூபாய் வரம்பு வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முன்பு 12 சதவீதம். 1,200-க்கு 144 ரூபாய் இருந்தது 60 ரூபாய் ஆகியிருக்கிறது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கிளம்பும் முன் பாருங்கள். தெர்மல் தாளில் வரும் பில் பையில் கிடந்தே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஊர் பெயரும் தேதியும் போட்டு உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளாகிப் போன பில்லை நான் பாஸ் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அனுப்பியவர் நேர்மையானவர் என்று தெரிந்தும் வேறு வழியில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

சைடு லோயர்:

ரயில் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பரில் 120-லிருந்து குறைத்துவிட்டார்கள். தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும், ஏ.சி.க்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது, அதனால் மில்லில் தேதியை உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

கோவையிலிருந்து குண்டூருக்கு சபரி எக்ஸ்பிரஸில் போவீர்கள் என்று நினைக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அந்த இரண்டு மாதப் பயணத்துக்கு 60-வது நாளே பதிவு செய்யுங்கள். வேலை சில மணி நேரம்தான் என்றால் லாட்ஜே வேண்டாம். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். இருந்தால் ரிட்டயரிங் ரூம் (ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் அறை) உள்ள ஸ்டேஷன்களில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பதிவு செய்யலாம். குளித்து உடை மாற்றிக் கிளம்ப அது போதும்.

புது சர்வீஸ் ஆள்:

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு நேற்று உடுமலையில் பையைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். முதல் அறை லிஃப்ட் பக்கம். மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். தலையணை மேல் வேட்டியும் விரித்தேன். பதினொன்றரைக்கெல்லாம் தூங்கிவிட்டேன்.

இன்னொரு கேள்வி அண்ணா. குண்டூரில் ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. நாள் முழுக்க அறையில் போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அன்றைக்கு ராத்திரிதான் வீட்டு நினைப்பு அதிகம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரிங் ஃபிரேம்காரர்:

தூங்கினீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது தம்பி.

லீவு நாளில் காலை ஒன்பது மணிக்குள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பகலில் படுத்தால் ராத்திரி கணக்கு கெட்டுவிடும். குண்டூரில் பஸ் பிடித்தால் அமராவதி பக்கம்தான். பழைய பௌத்த ஸ்தூபி இருந்த மேடும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அங்கே இருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் பெரிய பங்கு நம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறு அந்த மேட்டைப் பார்த்துவிட்டு, அப்புறம் சென்னை வேலையாகப் போனபோது எழும்பூரில் சிற்பங்களைப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் வேலைக்காகப் போனதாகவே தோன்றவில்லை. திண்டுக்கல் என்றால் மலைக்கோட்டை, ராஜபாளையம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில், திரும்பும்போது வீட்டுக்குப் பால்கோவா.

அம்மாவுக்கு ஒன்று செய்யுங்கள். அறைக்குள் போனதும் ஒரு போட்டோ, கூடவே அறை எண், லாட்ஜின் போன் நம்பர். நான் 22 வருடமாகச் செய்கிறேன், முதலில் எஸ்.எம்.எஸ்.ஸில் எண்கள் மட்டும், இப்போது வாட்ஸ்ஆப்பில் போட்டோவோடு. மகன் எங்கே படுத்திருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவர்களும் தூங்குவார்கள்.

அடுத்த தடவை திண்டுக்கல் போகும் தேதி தெரிந்ததும் தனிச் செய்தி அனுப்புங்கள். நம் லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லி வைக்கிறேன். இரண்டாம் மாடி, பின்பக்கம், வேப்பமரம் தெரிகிற அறை.