லெதர், ஹைப்போ, 66% ஹெட்: இந்தப் பெண் டிராகனை வாங்கலாமா?

வேலியோணான் (பிராம்ப்டன், கனடா):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு வயது ஆண் பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலிய ஓணான் வகை) ஒன்று இருக்கிறது. பெயர் மிளகாய். லெதர்பேக், அதாவது முதுகு முள் குறைந்த வகை. குட்டியாக வாங்கும்போது நல்ல வற்றல் சிவப்பு. இப்போது காலையில் எழுந்து பார்த்தால் பழைய புளி நிறத்தில் கிடக்கிறான், மதியம் கொஞ்சம் ஆரஞ்சுக்கு வருகிறான். விளக்கில் கோளாறா, இல்லை என்னை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

அடுத்த கேள்விதான் முக்கியம். இவனுக்கு ஜோடி தேடியதில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: "பெண், 16 மாதம், ஹைப்போ லெதர்பேக், 66% ஹெட் ட்ரான்ஸ், சிட்ரஸ்." விலை 400 டாலர். இந்தப் பெயர்களில் எனக்கு லெதர்பேக் மட்டும்தான் புரிகிறது. 66% என்றால் மூன்றில் இரண்டு பங்கு ட்ரான்ஸ் நிறம் வரும் என்று அர்த்தமா? இரண்டையும் சேர்த்தால் என்ன குட்டி வரும்?

அம்மாவிடம் சொன்னேன். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான் கேள்விப்பட்டிருக்கேன். நீ காசு குடுத்து விடுறே" என்றார்.

பச்சைத்தண்ணி:

400 நல்ல விலை, விடாதீங்க. லெதரும் லெதரும் சேர்ந்தா சில்க்பேக் கிடைக்கும். செதிலே இல்லாமல் பட்டு மாதிரி இருக்கும், இன்னும் கூடுதல் விலைக்குப் போகும்.

வசந்தி (கவென்ட்ரி, இங்கிலாந்து):

தம்பி, மேலே சொன்னதைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். லெதரோடு லெதர் சேர்க்கவே கூடாது. செய்துவிட்டுப் பட்டவள் சொல்கிறேன்.

ஒன்பது வருடமாக இவற்றை வளர்க்கிறேன். இரண்டாவது வருடம் எனக்கும் ஒருவர் இதே யோசனையைச் சொன்னார். 23 முட்டை, 21 பொரிந்தது. அதில் ஆறு சில்க். கணக்குப்படி நாலில் ஒன்று, அதாவது ஐந்து வர வேண்டும். எனக்கு ஒன்று கூடுதல். முட்டையைக் கிழித்து வெளியே வந்தபோது அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். உரித்த நுங்கு மாதிரி வழவழவென்று இருந்தன. தாடியில் முள் இல்லை, விலாவில் முள் இல்லை.

பிரச்சினை தோல் உரிக்கும்போது ஆரம்பித்தது. மற்ற குட்டிகளுக்குத் தோல் காய்ந்து தானாகக் கழன்றது. இவற்றுக்கு விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒட்டிக்கொண்டு இறுகியது. ராத்திரி பதினொரு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் காது குடையும் பஞ்சுக்குச்சியுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு மோதிரத்தைக் கவனிக்காமல் விட்டால் போச்சு, ரத்தம் ஓடாமல் விரல் கருத்து உதிர்ந்துவிடும். சாப்பிடாமல் விட்ட கிரிக்கெட் பூச்சி ஒன்று கடித்தால்கூடப் புண். யூவி விளக்கை மற்றவற்றுக்கு வைக்கிற தூரத்தில் வைத்தால் தோல் பொசுங்கும். ஆறில் இரண்டு ஒரு வருடம் தாண்டவில்லை. ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர் மொட்டை. வலது பின்காலில் இரண்டு விரல்தான் மிச்சம். சில்க் எதையுமே ஜோடி சேர்க்கிற பேச்சே கிடையாது. சேரும்போது ஆண் பெண்ணின் கழுத்தைக் கவ்வும், பெண் சில்க்காக இருந்தால் தோல் கிழிந்துவிடும்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். விளம்பரத்தில் ஒரே வரியில் எழுதுவதால் எல்லாம் ஒரே மாதிரி சமாச்சாரம் போலத் தெரிகிறது. அப்படிக் கிடையாது.

எந்தக் குணத்துக்கும் குட்டி தாயிடம் ஒரு சீட்டு, தகப்பனிடம் ஒரு சீட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லெதருக்கு ஒரு சீட்டு போதும், முதுகு முள் குறைந்து தெரியும். இரண்டு சீட்டு விழுந்தால் சில்க். லெதருக்குச் சாதாரண டிராகனைச் சேர்த்தால் பாதி லெதர், பாதி சாதாரணம். சில்க் வரவே வராது. அதனால் மிளகாய்க்குச் சாதாரண முதுகுள்ள பெண்தான் சரி.

ஹைப்போ (கருநிறம் குறைந்தது), ட்ரான்ஸ் (தோல் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருப்பது), விட்ப்ளிட்ஸ், ஜீரோ இதெல்லாம் இரண்டு சீட்டும் விழுந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் வைத்திருப்பதைத்தான் ஹெட் என்கிறோம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், உள்ளே ஒரு சீட்டு ஒளிந்திருக்கும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். விட்ப்ளிட்ஸ் கோடே இல்லாமல் வெளுத்தது, தென்னாப்பிரிக்காவில் வந்த வகை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வெள்ளை மின்னல் என்று பொருள். ஜீரோவும் சாம்பல் வெள்ளை. இரண்டு வெள்ளையையும் சேர்த்தால் குட்டிகள் இன்னும் வெள்ளை என்று நினைப்போம். முதல் தலைமுறையில் அத்தனையும் பழுப்புதான் வரும்! இரண்டும் வேறு வேறு சீட்டு, எந்தக் குட்டிக்கும் ஜோடி சேர்வதில்லை. இதைத் தெரியாமல் விற்றவரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சிட்ரஸ், சிவப்பு, ஆரஞ்சு என்பவை இந்தச் சீட்டுக் கணக்கில் அடங்காது. நல்ல மஞ்சளோடு நல்ல மஞ்சளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கொண்டுவந்த நிறம். அதில் சிட்ரஸ் என்று எழுத யாரும் பரீட்சை வைப்பதில்லை. தாய் தகப்பன் வளர்ந்த பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள். குட்டியின் நிறத்தை வைத்து விலை கொடுக்கவே கூடாது. ஒரு வயது வரை ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மிளகாய் விஷயத்தில் விற்றவர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை.

ஹைப்போவுக்கு மட்டும் ஒரு சுலபமான சோதனை உண்டு. நகத்தைப் பாருங்கள். சாதாரண டிராகனின் நகத்தில் மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடும். ஹைப்போவுக்கு எல்லா நகமும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். பத்து நகம் தெளிவு, ஒன்றில் கோடு என்றால் அது ஹைப்போ கிடையாது. ட்ரான்ஸுக்குக் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும், குட்டியில் வயிறு நீலம் பாரிக்கும். டன்னர் என்று யாராவது விற்றால் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள், செதில்கள் வரிசையில் படியாமல் நாலா பக்கமும் திரும்பி நிற்கும்.

வேலியோணான்:

அக்கா, மொட்டை கதையைப் படித்ததும் லெதர் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் அந்த 66% இன்னும் பிடிபடவில்லை.

வசந்தி:

அது அந்த ஒரு டிராகனின் நிறத்தைப் பற்றிய கணக்கே கிடையாது தம்பி. இரண்டு ஹெட் சேர்ந்தால் நாலு குட்டிக்கு ஒன்று ட்ரான்ஸாகக் கண்ணுக்குத் தெரியும். அதை எடுத்து ஓரம் வைத்துவிடுங்கள். மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அவற்றில் இரண்டில் சீட்டு இருக்கும், ஒன்றில் இருக்காது. எது எது என்று விற்பவருக்கும் தெரியாது. அதனால் மூன்றுக்கும் 66% என்று லேபிள் ஒட்டுகிறார்கள். ஆக, உங்கள் பெண்ணிடம் அது இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் ஒன்றும் இல்லை. பெற்றோர் இரண்டில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிற ட்ரான்ஸாக இருந்தால்தான் 100% ஹெட் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. அசல் ட்ரான்ஸ் ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். சீட்டு இருந்தால் பாதிக் குட்டிகள் ட்ரான்ஸாக வரும். 20 குட்டி பொரிந்து ஒன்றுகூட ட்ரான்ஸ் இல்லை என்றால், சீட்டு இருந்தும் அப்படி நடக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். இல்லை என்றே முடிவு கட்டிவிடலாம். 66%க்காகக் கூடுதலாக ஒரு பவுண்டுகூட நான் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. 20 குட்டி என்று லேசாக எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 30, 40 பூச்சி தின்னும். சேர்த்து வைத்தால் ஒன்றின் வாலை ஒன்று கடித்துவிடும். ஒரு முறை சேர்ந்த பெண் அடுத்த ஈட்டுக்கும் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஆண் பக்கத்தில் இல்லாமலே மறுபடி முட்டையிடும். அந்த வருடம் என் சாப்பாட்டு அறையில் 40 பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு மாதம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கரட்டான் (சிட்னி):

மிளகாயின் காலை நிறத்துக்கு என் பதில். விளக்கில் கோளாறில்லை, குளிர்தான். உடம்பு குளிர்ந்திருக்கும்போது தோலைக் கருக்கிக்கொண்டு வெப்பத்தை வாங்கும், சூடேறியதும் வெளுக்கும். நம்மூர் ஓணானும் இதே குடும்பம்தானே; இனப்பெருக்கக் காலத்தில் தலை சிவப்பதைச் சின்ன வயதில் வேலியோரம் பார்த்திருப்பீர்கள். வெயில் காயும் கல்லில் 40 டிகிரி வந்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுங்கள். வாங்கப் போகும் பெண்ணையும் அந்த நேரத்தில் பாருங்கள்.

இது இந்த நாட்டு உயிர். ஆஸ்திரேலியா 1960களிலேயே காட்டு உயிர்களின் வணிக ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. உங்கள் ஊர்களில் இருப்பதெல்லாம் அவ்வப்போது கைமாறி வந்த சிலவற்றின் வம்சம்தான். அதனால் ஒரே விற்பனையாளரிடம் இரண்டையும் வாங்காதீர்கள், அண்ணன் தங்கையாக இருக்கும். இங்கே நியூ சவுத் வேல்ஸில் ஒன்று வளர்க்கவே லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டு லெதரைக் கொண்டுவரவும் முடியாது. எங்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது.

முட்டை வைக்கிற நிலைக்கு வந்தால் 29 டிகிரியில் வையுங்கள். சீக்கிரம் பொரிக்கட்டும் என்று 32க்கு மேல் ஏற்றினால், மரபணுப்படி ஆணாக வேண்டியவையும் பெண்ணாகப் பொரிக்கத் தொடங்கும். கான்பெராவில் ஆராய்ந்தவர்கள் 2015இல் இது காட்டிலேயே நடப்பதைக் காட்டினார்கள்.

வேலியோணான்:

நேற்று மதியம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கைபேசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்கால் எல்லாம் தெளிவு. பின்காலில் இடதுபக்கம் மூன்றில் பழுப்புக் கோடு. காட்டியதும் "ஹைப்போ என்றில்லை, ஹெட் ஹைப்போ. தட்டச்சுப் பிழை" என்றார். முதுகும் உண்மையிலேயே லெதர்தான். பெற்றோர் படம் கேட்டேன், பழைய போனில் போய்விட்டதாம். விலையை 250க்கு இறக்கினார்.

வாங்கவில்லை. மிளகாய்க்கு இப்போதைக்குப் பிரம்மச்சரியம்தான். அக்கா, மொட்டையின் படம் ஒன்று போடுவீர்களா? அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.

வசந்தி:

போட்டிருக்கிறேன். தூங்குகிறான், எழுப்ப மனம் வரவில்லை. பின்கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த இரண்டு விரல் தெரியும்.