விறகு சீறுகிறது, எரிய மாட்டேன் என்கிறது: அவசரமாக உதவி வேண்டும்

புதிதாக வந்தவன்: ஊருக்கு வெளியே தனி வீடு எடுத்துக் குடிவந்திருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வண்டி விறகு இறக்கினோம். விற்றவர் காய்ந்ததுதான் என்றார். நேற்றிரவு பற்றவைத்தால் வெட்டுமுனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சீறுகிறது. அடுப்பின் கண்ணாடிக் கதவு கரேலென்று ஆகிவிட்டது. இனி குளிர் ஏறிக்கொண்டே போகும், வீட்டில் கைக்குழந்தை. இந்த விறகைச் சீக்கிரம் காயவைக்க வழி இருக்கிறதா?

பத்து குளிர் பார்த்தவர்: தம்பி, அடுத்த குளிருக்கான விறகை இப்போதே தயார் செய்யத் தொடங்குங்கள். முதல் வருஷம் நான் உருட்டுக்கட்டையாகவே அடுக்கி வைத்தேன். பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்துக்கொண்டது. கோடை முடிந்து பிளந்தால் உள்ளே சில்லென்று ஈரம். அந்தக் குளிர் முழுக்கப் போர்வைக்குள்தான் கிடந்தோம். பிளந்து வைத்தால்தான் காயும், அதுவும் ஒரு கோடையாவது வேண்டும். ஓக் மாதிரி கெட்டியான மரம் என்றால் இரண்டு வருஷம்கூட ஆகும்.

காட்டோர வீடு: பிளப்பதெல்லாம் அப்புறம். முதலில் தார்ப்பாய் போட்டுத் தரைவரை இழுத்து மூடுங்கள். மழையும் பனியும் பட்டால் எல்லாம் வீண்.

தெற்கு வாசல்: தரைவரை மூடாதீர்கள்! நான் அப்படி மூடித்தான் ஒரு அடுக்கு முழுக்கப் பூஞ்சணம் பிடித்தது. மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டும். அடியில் பழைய பேலட் (சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டு) கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஒட்டி அடுக்கினால் எலியும் பூச்சியும் வீட்டுக்குள் வந்துவிடும்.

காட்டோர வீடு: எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அது பைன் விறகா? பைன் என்றால் எரிக்கவே வேண்டாம், புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கும்.

தெற்கு வாசல்: நன்றாகக் காய்ந்த பைனால் பிரச்சினை இல்லை. தார் படிவதற்குக் காரணம் ஈரம். சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விட்டால் புகை குளிர்ந்து புகைபோக்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பத்து குளிர் பார்த்தவர்: வீட்டைக் காட்டும்போது இதையெல்லாம் யாராவது சொல்கிறார்களா? சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், முதுகு விட்டுப்போகும் என்றும் யாரும் சொல்வதில்லை. கேட்க ஒரு ஆள் இல்லாமல் அழுதிருக்கிறேன்.

காட்டோர வீடு: உண்மை அண்ணா. 'காய்ந்தது' என்று சொல்லி எனக்கும் பச்சை விறகைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: தம்பி கேட்டதற்கு வருவோம். நீங்கள் முக்கியமானதைச் சொல்லவில்லை. விறகு சரியாக எரியாதபோது வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு; அதைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் இருக்கிறதா? புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? வேறு ஹீட்டர் உண்டா?

புதிதாக வந்தவன்: அலாரம் இல்லை அக்கா. புகைபோக்கி பற்றித் தெரியாது. ஒரு அறையில் மட்டும் மின்ஹீட்டர் இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: அப்படியானால் இன்றிரவு அடுப்பு வேண்டாம். எல்லோரும் அந்த அறையில் படுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரம் மாட்டி, புகைபோக்கியை ஆள் வைத்துச் சுத்தம் செய்த பிறகு பற்றவையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாற்றும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் எரிக்கலாம்.

புதிதாக வந்தவன்: அலாரம் மாட்டிவிட்டேன். புகைபோக்கிக்கு ஆள் வியாழக்கிழமை வருகிறார். ஐந்து கட்டைகளைப் பிளந்து பார்த்தேன், எல்லாமே 34க்கு மேல்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: அது இந்தக் குளிருக்கு ஆகாது தம்பி. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கவும் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். இப்போதைக்குச் சூளையில் உலர்த்திய விறகோ, மரத்தூளை அழுத்திச் செய்த கட்டையோ வாங்குங்கள். வந்ததும் அந்த விறகையும் அளந்து பாருங்கள். இருக்கிற விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தெற்கு வாசல் சொன்ன மாதிரி அடுக்கிவிடுங்கள். இன்னொன்று, சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் அணையாமல் இருக்கும்.