கூட்டத்தில் பேசுவதற்கு விதி வகுப்பது பெரியவர்களை அவமதிப்பதாகுமா?

நூலகத்துணை எழுதியது:
எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதந்தோறும் வாசகர் வட்டம் கூடுகிறது. முப்பது பேர் வந்துகொண்டிருந்த கூட்டத்திற்குச் சென்ற மாதம் ஒன்பது பேர்தான் வந்திருந்தோம். வயதில் மூத்த ஒருவர் எடுத்த பேச்சை முக்கால் மணி நேரத்திற்கு விடுவதில்லை. இன்னொருவரோ, எவர் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுத்துவிடுகிறார். முதன்முறையாகப் பேச எழுந்த ஒரு கல்லூரி மாணவி, இரண்டாம் வாக்கியத்திலேயே இடைமறிக்கப்பட்டு, இரு பக்கமும் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விதிகளை எழுதி வைப்போம் என்றால், "இது என்ன பள்ளிக்கூடமா?" என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

கல்வெட்டு வாசகன் எழுதியது:
ஐயா, அப்படிக் கேட்பவர்களிடம் மானூர்க் கல்வெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள அவ்வூரில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஊரை நிர்வகித்த மகாசபையார் கூடித் தங்கள் சபை நடக்க வேண்டிய முறையைத் தாங்களே வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சபையில் எடுக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் "அன்று, அன்று" (அல்ல, அல்ல) என்று சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவரும், அவருக்குத் துணை நிற்கிறவரும், பொருள் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் (அபராதம்) கட்ட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. கருத்தை மறுப்பதற்கு அங்கே தண்டமில்லை. எதையும் நடக்கவிடாமல் மறுத்துக்கொண்டே இருப்பதற்குத்தான் தண்டம். குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பலரும் எடுத்துக்காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு நூறாண்டுக்கும் மேல் பிற்பட்டவை. மானூர்ச் சபை நிலப்பங்கு உடைய பிராமணர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், யார் பேசலாம் என்பதற்கு அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். எப்படிப் பேசுவது என்பதற்குக் கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:
தண்டம் உங்கள் வட்டத்திற்கு ஒத்துவராது. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பொருளைப் பற்றி இன்னும் பேசாத ஒருவர் கையுயர்த்தியிருக்கும் வரை, ஏற்கெனவே பேசியவருக்கு இரண்டாம் முறை வாய்ப்பில்லை என்ற ஒரே விதி பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். அது எவரையும் பெயர் சுட்டுவதில்லை.

மறுக்க விரும்புபவர், தாம் மறுக்கும் கருத்தை, அதைச் சொன்னவரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துரைக்க வேண்டும். பிறர் மதத்தை, அதாவது கொள்கையை, மேற்கொண்டு பின்பு களைவதை, நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் என்னும் இலக்கண நூல் வைத்திருக்கிறது. இந்தப் பழக்கம் நமக்குப் புதியதன்று. இதைக் கடைப்பிடித்தபின் எங்கள் சங்கத்தில் பாதி மறுப்புகள் எழவே இல்லை, ஏனெனில் எடுத்துரைக்கும்போதே தாம் தவறாகப் புரிந்துகொண்டது பலருக்கும் தெரிந்துவிட்டது.

தலைமை வகிப்பவர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால், நாற்காலியில் வேறொருவரை அமர்த்திவிட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அந்த மூத்தவரையே முதல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்க அழையுங்கள்.

கடைசி வரிசை எழுதியது:
நேரம் வைத்து மணியடிக்கும் முறையைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். நான் சென்றுவந்த ஓர் அமைப்பில் அந்த மணி இளையவர்களுக்கு மட்டுமே அடித்தது. விதியே இல்லாத கூட்டத்தைவிட அது மனத்தை அதிகம் புண்படுத்தியது.

நூலகத்துணை எழுதியது:
அனைவருக்கும் நன்றி. அம்மா, தாங்கள் சொன்ன மூன்று விதிகளையும் நான் எழுதிக்கொண்டுபோய் அறிவிக்கப் போவதில்லை. வரும் கூட்டத்தில் முதல் பொருளாக வைத்து, அனைவரும் திருத்தி ஏற்றுக்கொண்ட பிறகே நடைமுறைக்குக் கொண்டுவருவோம். மூத்தவர் வீட்டுக்கு நாளை மாலை செல்கிறேன். அந்த மாணவியிடம் இன்று பேசினேன். விதிகளை முடிவு செய்யும்போது தாமும் இருக்க வேண்டும் என்றார்.