சிங்கப்பூரில் மலிவான ஓட்டல்: இன்றைக்குள் பதிவு செய்தாக வேண்டும்!

காவிரிக்கரை:
வணக்கம். சிங்கப்பூர் போகிறோம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒன்று, கேலாங்கில் ஒன்று என்று இரண்டு ஓட்டல்கள் பார்த்து வைத்திருக்கிறேன். கேலாங்கில் விலை குறைவு. எதைப் போடலாம்? சலுகை இன்றிரவு முடிகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி:
எத்தனை பேர்? எந்த மாதம்? எத்தனை இரவு? ஓர் இரவுக்கு எவ்வளவு வரை கொடுக்க முடியும்?

பழைய பெட்டி:
ஓட்டலின் பெயரைக்கூடச் சொல்லாமல் எது நல்லது என்று கேட்டால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். இதே கேள்விக்கு இங்கே ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
முதலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வரி தனி. 10 சதவீதம் சேவைக் கட்டணம். அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் நீங்கள் கட்டுவது 119.90.

காவிரிக்கரை:
குடும்பத்தோடு போகிறோம். 4 இரவு. தேக்கா ஓட்டலில் போட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "ஸ்டாண்டர்ட் டபுள். 10 சதுர மீட்டர். ஜன்னல் இல்லை. ரத்து செய்தால் பணம் திரும்பாது." 78 வெள்ளி. பரவாயில்லையா?

கணக்குப்பிள்ளை:
78 அல்ல, 93.52. கூட்டல் குறி இருந்தால்.

மருதாணி:
தம்பி, குடும்பம் என்றால் எத்தனை பேர்? 10 சதுர மீட்டரில் கட்டில் போக மிச்சம் இருப்பது பெட்டியைத் திறந்து வைக்கக்கூடப் போதாது. ஜன்னல் இல்லாத அறையில் நான் தங்கியிருக்கிறேன். விடிந்ததா இல்லையா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துவைத்த துணி மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். தூங்க மட்டும் போகிறவர்களுக்குச் சரி.

சிராங்கூன்வாசி:
கேலாங் ஓட்டல் எந்த லோரோங்கில், அதாவது எந்தச் சந்தில் இருக்கிறது? இரட்டைப்படை எண் லோரோங்குகள் பக்கம்தான் சிவப்பு விளக்குப் பகுதி. அதற்காக அது பயப்பட வேண்டிய ஊர் என்று அர்த்தமில்லை. டுரியானுக்கும் தவளைக் கஞ்சிக்கும் உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு இரவில் வந்து போகிற இடம். ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

ஜோகூர் வழி:
சிங்கப்பூரில் தங்குவதே வீண் செலவு! பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் அறை எடுங்கள். அதே பணத்துக்கு நீச்சல் குளத்தோடு கிடைக்கும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா கேட்பதில்லை. பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ரயிலில் 5 நிமிடம்.

பழைய பெட்டி:
ரயிலில் 5 நிமிடம், குடிநுழைவு வரிசையில்? வார இறுதியில் அந்தப் பாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காலையும் மாலையும் இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடி. சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும். அடுத்து யாராவது வந்து வீட்டை வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள், அதற்கும் இப்போதே பதில்: தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாகவும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம்.

ஜோகூர் வழி:
நான் வார நாளில்தான் போவேன்.

ஊர்சுற்றி:
என்னைக் கேட்டால் தேக்காவே வேண்டாம். ஞாயிறு மாலை அங்கே நடக்க முடியாது. ஒரே தொழிலாளர் கூட்டம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடமில்லை.

சிராங்கூன்வாசி:
அந்தக் கூட்டத்தில் பலர் புதுக்கோட்டையும் தஞ்சாவூரும் ராமநாதபுரமும்தான் ஐயா. ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் ஊர்க்காரனைப் பார்க்கவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், நல்ல சாப்பாடு சாப்பிடவும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து ஒதுங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஊர்சுற்றி:
நெரிசலைத்தான் சொன்னேன். வார இறுதியில் அங்கே பொது இடத்தில் மது அருந்தவே தடை. காரணம் இல்லாமலா போட்டார்கள்?

சிராங்கூன்வாசி:
2013 டிசம்பர் கலவரத்தைச் சொல்கிறீர்கள். தனியார் பேருந்து மோதி ஒரு தொழிலாளி இறந்த இரவு அது. 2015 சட்டத்தில் அதே தடை கேலாங்குக்கும் உண்டு. இன்றைக்கு ஞாயிறு இரவு தேக்காவில் என் பெண் தனியாகப் பூ வாங்கப் போகிறாள்.

மருதாணி:
நெரிசல் என்றால் தி.நகர் தீபாவளிக்கு என்ன சொல்வீர்கள்? சண்டையை விடுங்கள், தம்பி எங்கே?

காவிரிக்கரை:
வேலையில் இருந்தேன். நான், மனைவி, 8 வயது மகன், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. எல்லா ஓட்டலிலும் லிஃப்ட் இருக்கும்தானே?

மருதாணி:
நான்கு பேரா! 10 சதுர மீட்டரிலா!

சிராங்கூன்வாசி:
இருக்காது. தேக்காவின் சிறிய ஓட்டல்களில் பல, பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. கீழே கடை, மேலே அறை. படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். வரவேற்பு மேசையே முதல் மாடியில் இருப்பதும் உண்டு. லிஃப்ட் இருக்கிறதா, தெருவிலிருந்து லிஃப்ட் வரை படி இருக்கிறதா என்று மின்னஞ்சலில் இரண்டு கேள்வியும் கேளுங்கள். ஒரே டபுள் அறையில் நான்கு பேரை அனுமதிக்க மாட்டார்கள். இரண்டு அறை அல்லது குடும்ப அறை பாருங்கள். கொஞ்சம் கூடக் கொடுக்க முடியுமென்றால் பென்கூலன் சாலைப் பக்கம் போங்கள். ஐபிஸ் போன்ற பெரிய கட்டட ஓட்டல்கள் இருக்கின்றன, தேக்காவுக்கு நடந்தே வரலாம். சாங்கி விமான நிலையத்திலிருந்து எக்ஸ்போ நிலையத்தில் ஒரே ஒரு முறை ரயில் மாறினால் போதும், நிலையங்களில் லிஃப்ட் உண்டு.

பழைய பெட்டி:
திருச்சியிலிருந்து இரவு விமானம் என்றால் விடியற்காலையில் இறங்குவீர்கள். அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். முழங்கால் வலியோடு அம்மா அதுவரை எங்கே உட்காருவார்? அதையும் யாரும் கேட்கவில்லை.

ஜோகூர் வழி:
ஜோகூரில் நான் தங்கிய எல்லா ஓட்டலிலும் லிஃப்ட் இருந்தது.

காவிரிக்கரை:
பென்கூலன் பக்கம் இரண்டு அறை போட்டுவிட்டேன். லிஃப்ட் உண்டு என்று பதில் வந்தது. அம்மா அறைக்கு ஜன்னல் இருக்கிறது, அதற்கு 14 வெள்ளி அதிகம். நன்றி.

கணக்குப்பிள்ளை:
வரி சேர்த்தா, சேர்க்காமலா?