ஞாயிறு காலை, மதுரையில் எங்கள் தெருக் குழு

(குழுவின் பெயர்: தெப்பக்குளம் நம்ம தெரு)

5:41 மாடி வீட்டு மதினி: தண்ணீர் வந்துவிட்டது. யாரும் குழாயில் நேராக மோட்டார் வைக்காதீர்கள், கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான் போகிறதாம்.

5:53 பேங்க் மாமா: கறிக்கடையில் நிற்கிறேன். இப்போதே எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். யாருக்கு என்ன வேண்டும், சொல்லிவிடுங்கள். தராசில் வைத்த பிறகு போன் வரக்கூடாது.

5:55 டெய்லர் அக்கா: மாமா, எனக்கு முக்கால் கிலோ. தொடையும் நெஞ்செலும்பும் கலந்து வெட்டச் சொல்லுங்கள். போன வாரம் பாதிக்குப் பாதி சவ்வு. சுவரொட்டி (மண்ணீரல்) கிடைத்தால் மகளுக்கு ஒன்று.

5:57 பேங்க் மாமா: ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதானம்மா. வரிசையில் நிற்கிற எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள்.

5:58 மாடி வீட்டு மதினி: அண்ணே, எங்களுக்குக் குடல். கடையில் சுத்தம் செய்ய வேண்டாம், சும்மா அலசித்தான் தருவார்கள். வெந்நீரும் மஞ்சளும் போட்டு நானே பார்த்துக்கொள்கிறேன்.

6:04 காலேஜ் தம்பி: போன வாரமே சொன்னேன், இன்றைக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் இரண்டும் பார்க்கலாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும், இப்போதே கிளம்ப வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

6:09 சித்தப்பா: தம்பி, சிற்பம் ஆயிரம் வருடமாக அங்கேயேதான் இருக்கிறது. கறி எட்டு மணிக்கு மேல் இருக்காது.

6:10 டெய்லர் அக்கா: 😂😂

6:12 தபால் தாத்தா: நான் வருகிறேன்ப்பா. அடிவாரத்து ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ ஏறிவிட்டு வா.

6:15 சித்தப்பா: நான் வாக்கிங் கிளம்புகிறேன்.

6:16 சித்தி: தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். இவர் கால் சுற்று முடிவதற்குள் டீக்கடை பெஞ்சில் இருப்பார். உளுந்த வடை இரண்டு, அப்புறம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். போகும்போது இருந்ததைவிட வரும்போது எடை கூடியிருக்கும்.

6:18 சித்தப்பா: பருத்திப்பால் மருந்து. சுக்குப் போட்டது, சளிக்கு நல்லது.

6:18 சித்தி: சுக்கு ஒரு சிட்டிகை, வெல்லம் ஒரு கை. சுகர் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

6:25 மாடி வீட்டு மதினி: அண்ணா நகர் உழவர் சந்தைக்கு யாராவது போகிறீர்களா? சின்ன வெங்காயம் ஒரு கிலோ வேண்டும்.

6:27 கடைசி வீட்டு அண்ணன்: குருவிக்காரன் சாலைப் பாலத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறேன் மதினி. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். கீரை முதலில் தீர்ந்துவிடும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

6:30 பேங்க் மாமா: தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அதுதான், தெரியுமா? 1999 நவம்பர் 14. திறந்த புதிதில், பலகையில் எழுதிய விலைக்கே கொடுக்கிறார்களா என்று பார்க்கவே கூட்டம் வந்தது.

6:31 டெய்லர் அக்கா: மாமா, வரலாறு இருக்கட்டும், வரிசை நகர்ந்ததா?

6:31 பேங்க் மாமா: இரண்டு பேர் நகர்ந்திருக்கிறார்கள்.

7:20 டெய்லர் அக்கா: ஒன்று கேட்கிறேன், யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. ஆண்கள் எல்லோரும் பையை அடுப்படியில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, மதியம் வரை நிற்பது நாங்கள். தையல் மெஷினுக்கு லீவு, எனக்கு இல்லை.

7:21 சித்தி: 👏👏👏

7:22 மாடி வீட்டு மதினி: அப்படிக் கேளு.

7:34 சித்தி: பன்னிரண்டு நிமிடமாக ஒரு ஆண் குரலும் காணோம் பாருங்கள்.

7:36 பேங்க் மாமா: சரி, எங்கள் வீட்டு வெங்காயத்தை நான் உரிக்கிறேன்.

7:36 சித்தி: போட்டோ போடுங்கள் அண்ணே, அப்போதுதான் நம்புவோம்.

8:25 பேங்க் மாமா: (படம்: முறத்தில் சின்ன வெங்காயம்)

8:26 மாடி வீட்டு மதினி: பாதி தோலோடு இருக்கிறதே அண்ணே.

8:27 பேங்க் மாமா: கண்ணே தெரியவில்லையம்மா, எங்கே தோலைப் பார்ப்பது.

8:28 சித்தப்பா: சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் சுலபமாக வரும்.

8:28 சித்தி: இவ்வளவு தெரிந்தவர் வீட்டுக்கு வாருங்கள். இங்கே ஒரு கிலோ காத்திருக்கிறது.

9:10 காலேஜ் தம்பி: (படம்: பாறையில் தீர்த்தங்கரர்) இறங்கிவிட்டோம். தாத்தா கேட்கவே இல்லை, செட்டிப்புடவு வரை ஏறிவிட்டார். பசிக்கிறது அக்கா, எங்களுக்கும் எடுத்து வையுங்கள்.

9:12 டெய்லர் அக்கா: தாத்தாவுக்கு நல்லி எலும்பு எடுத்து வைத்தாயிற்று. நீ வந்து தேங்காய் துருவு, அப்புறம் உன் பங்கைப் பேசலாம்.